பாலில் இறங்கிய அருவருப்பு

எங்கள் பக்கத்தில் சின்னவர்கள் பெரியவர்களைக் கண்டால் ஆசீர்வாதம் கேட்டு அவர்கள் கையை வாங்கி முத்தமிடுவது வழக்கம். வியோலாந்தேயிடம் மட்டும் அது நடக்காது. யாராவது குனிந்தால் போதும், கையைச் சடாரென்று இழுத்துப் பாவாடை மடிப்புக்குள் சொருகிக்கொள்வாள். "போப்பா, போ. ஆசீர்வாதத்தை வாயால சொன்னாப் போதாதா? உன் எச்சில் எனக்கெதுக்கு?" என்பாள். அரண்மனையில் தின்ற கொழுப்பு இன்னும் இறங்கவில்லை என்று ஊர் பேசியது. கொழுப்பும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. அவளுக்குக் குமட்டும். உண்மையாகவே அடிவயிற்றிலிருந்து குமட்டிக்கொண்டு வரும். ஏன் என்பது அவளுடைய அக்கா பிரித்தேஸுக்குத் தெரியும். அவள் வழியாகத்தான் இந்தக் கதை வெளியே வந்தது.

வியோலாந்தே எவோரா நகரத்துக்கு வெளியே, தக்கை மரத்தில் பட்டை உரிக்கிற குடும்பத்தில் பிறந்தவள். சத்தமாகச் சிரிப்பாள். கோவேறு கழுதைகளில் சாமான் ஏற்றிப் போகிற லோப்புவைக் கட்டிக்கொண்டாள். தலைப்பிள்ளை ஆல்வாரு பிறந்தபோது அவளுக்குப் பால் சுரந்ததைப் பார்த்து ஊரே வாயைப் பிளந்தது. எந்நேரமும் மேல்சட்டை நனைந்திருக்கும். தாய்க்குப் பால் போதாத வீடுகளிலிருந்து குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். அவள் அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து, ரொட்டித் துண்டும் பூண்டும் கொத்தமல்லியும் போட்ட கஞ்சியைக் குடித்தபடியே, எல்லாக் குழந்தைக்கும் கொடுத்து அனுப்புவாள். நாற்றம், மலம், வாந்தி எதற்கும் முகம் சுளிக்காதவள் என்று பெயர் எடுத்திருந்தாள்.

அந்த வருடம் தலைநகர் லிஸ்பனில் கொள்ளை நோய். ராஜாவும் பரிவாரமும் எவோராவுக்கு வந்து தங்கினார்கள். ராணி நிறைமாதம். அதற்கு முன் அந்த அம்மாளுக்குப் பிறந்த பிள்ளைகள் எல்லாம் சின்னச் சின்னப் பெட்டிகளில் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். இதுவும் தங்கவில்லை என்றால் சிம்மாசனம் பக்கத்து நாட்டுக் கஸ்தீல்காரன் கைக்குப் போகும். ஆகவே தேசம் முழுக்க ஒரு பெண்ணின் வயிற்றைப் பார்த்துக்கொண்டு வேலை வெட்டி இல்லாமல் உட்கார்ந்திருந்தது. பிறந்தது ஆண். எவோராவின் மணிகள் எல்லாம் அடித்துத் தீர்த்தன. பால் கொடுக்க ஆள் தேடி அரண்மனை ஆட்கள் சுற்று வட்டாரம் பூராவும் அலைந்தார்கள். யாரைக் கேட்டாலும் வியோலாந்தே பெயரைத்தான் சொன்னார்கள்.

அரண்மனை வைத்தியர் மெஸ்த்ரே அந்தாவ், கழுதை வாங்க வந்தவர் மாதிரி அவள் உதட்டைத் தூக்கிப் பல்லைப் பார்த்தார். கக்கத்தை மோந்து பார்த்தார். பாலை ஒரு சொட்டு நகத்தில் விட்டுச் சாய்த்தார். அது தண்ணீராக ஓடவும் கூடாது, பசையாக ஒட்டவும் கூடாது. பிறகு நாக்கில் வைத்துச் சப்புக்கொட்டினார். ஒரு பாதிரியார் வந்து அவள் பாட்டன் முப்பாட்டன் வரை யூத ரத்தமோ மூர் இன முஸ்லிம் ரத்தமோ கலந்திருக்கிறதா என்று ஊரில் விசாரித்தார். பால் வழியாக ரத்தமும், ரத்தம் வழியாக மதமும் பிள்ளைக்குள் போய்விடுமாம். மனுஷனை மனுஷன் மோந்து பார்த்துச் சாதி சொல்கிற இந்தக் கேவலத்துக்குப் பட்டு அங்கி வேறு. வியோலாந்தேக்கு அப்போது அதெல்லாம் கேவலமாகத் தெரியவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பை அடக்கினாள்.

லோப்புவுக்குத் தலைகால் புரியவில்லை. "அடியே, நம்ம பய ராஜாவுக்கே பால் அண்ணன் ஆயிடுவான்டி! நாளைக்கு அவரு பட்டத்துக்கு வந்தா, நம்மாளு குதிரை மேல உக்காந்து பக்கத்துலயே போவான். கழுதைப் பின்னாடி நடக்குறது என்னோட முடியட்டும்."

"பயலை யாருய்யா பாத்துக்குவா?" என்றாள் வியோலாந்தே.

"உங்க அக்கா இருக்கா. ஆடு இருக்கு. ஆட்டுப்பால் குடிச்சா செத்தாப் போயிடுவான்?"

பிரித்தேஸ் பையனை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். "போயிட்டு வா. திரும்பிப் பாக்காத. பாத்தா அழுவ. அழுதா பால் கெட்டுப் போகும்னு அனுப்பிடுவாங்க" என்றாள்.

அக்கா விளையாட்டுக்குச் சொல்லவில்லை. எங்கள் ஜனங்கள் எல்லாரும் நம்புகிற விஷயம் அது. வைத்தியரும் நம்புவார், கழுதைக்காரனும் நம்புவான். பால் கொடுக்கிற தாதி தின்றது மட்டுமல்ல, அவள் மனதில் ஓடுவதும் பாலில் இறங்கும். கோபப்பட்டால் பிள்ளைக்கு ஜுரம். அழுதால் பிள்ளைக்குச் சோகை. அருவருப்புப்பட்டால் பிள்ளைக்கு வாந்தி. ஆகவே அரண்மனையில் அவளுக்குப் பூண்டு கிடையாது, வெங்காயம் கிடையாது, புருஷன் முகம் கிடையாது, பெற்ற பிள்ளை முகமும் கிடையாது. உப்புச் சப்பில்லாமல் அவித்த கோழி. முகத்தில் எந்நேரமும் சந்தோஷம். தலைமைச் செவிலி தோனா கியோமார் கண்கொத்திப் பாம்பாக அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

"சிரிடி" என்பாள் தோனா கியோமார். "உன்னை இங்க எதுக்கு வச்சிருக்கு? சிரிச்ச முகமா இரு."

சிரிக்கிற மாதிரியா இருந்தது அந்த இடம்? கிராமத்தில் சாணி நாற்றம் சாணி நாற்றமாக இருக்கும், அவ்வளவுதான். இங்கே படிக்கட்டுத் திருப்பத்திலெல்லாம் பிரபுக்கள் ஒன்றுக்கு இருந்துவிட்டுப் போவார்கள். அதன் மேல் ரோஜாத் தண்ணீர் தெளிப்பார்கள். குளிப்பது மூர்களின் பழக்கம் என்று யாரும் குளிப்பதில்லை. கோடைக்கால வெல்வெட்டுக்குள்ளிருந்து கிளம்புகிற வாடையை மறைக்கக் கிராம்பையும் பட்டையையும் கொளுத்திப் புகை போடுவார்கள். கிராம்பு நல்ல வாசனைதான், அழுகல் மேல் ஏறாதவரை. மதேய்ரா தீவுச் சர்க்கரையைத் தின்று தின்று பெரிய வீட்டுப் பெண்களுக்கெல்லாம் பல் கரி மாதிரி இருக்கும். அந்த வாயைக் கொண்டுவந்து குழந்தையின் வாயில் முத்தம் கொடுப்பார்கள். ஒரு மடத்திலிருந்து ஏதோ புனிதரின் காய்ந்துபோன விரல் ஒன்று வந்திருந்தது. அதைத் தண்ணீரில் முக்கி, அந்தத் தண்ணீரைத் தினமும் குழந்தைக்கு ஊட்டினார்கள். காலையில் குழந்தையின் அழுக்குத் துணியை வெள்ளித் தட்டில் வைத்து எடுத்துப் போனால் மெஸ்த்ரே அந்தாவும் இன்னும் சில வைத்தியர்களும் மூக்கை வைத்து மோந்து, விரலால் கிளறி, லத்தீனில் சண்டை போடுவார்கள். அந்த விரலைத் துடைத்துக்கொண்டு அப்படியே சாப்பிடப் போவார்கள்.

முகம் சுளிக்காதவள் என்று பெயர் எடுத்த வியோலாந்தே அங்கேதான் முகம் சுளிக்கக் கற்றுக்கொண்டாள். கற்றுக்கொண்டதை மறைக்கவும் கற்றுக்கொண்டாள். குமட்டல் வரும்போதெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தாள். ஏனென்றால் அவளுக்கு அந்தக் குழந்தையைப் பிடித்துப் போயிருந்தது.

ஞானஸ்நானத்தில் அவனுக்கு ஒரு முழம் நீளத்துக்குப் பெயர் வைத்திருந்தார்கள். அவள் அதையெல்லாம் சீண்டவில்லை. யாரும் இல்லாதபோது "குருவி" என்று கூப்பிடுவாள். கழுத்தில் கண்ணேறு படாமலிருக்கப் பவளம், ஓநாய்ப் பல், வெள்ளியில் செய்த முஷ்டி, சிலுவை என்று ஒரு கடையே தொங்கும். அந்தக் கனத்தில் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். கழுத்திலிருந்து பாதம் வரை பட்டியால் இறுக்கிச் சுற்றி ஒரு கட்டையைப் போல வைத்திருப்பார்கள். பால் குடிக்கிற நேரத்தில் அவள் திருட்டுத்தனமாக ஒரு கையை மட்டும் அவிழ்த்துவிடுவாள். அந்தக் கை வந்து அவள் மூக்கைப் பிடிக்கும், உதட்டைப் பிடித்து இழுக்கும். அவன் சிரிப்பான். உடம்பும் தேறிக்கொண்டுதான் வந்தது. முன்னால் போன பிள்ளைகள் ஒன்றும் இவ்வளவு கொழுகொழுவென்று இருந்ததில்லை என்று தோனா கியோமாரே வாய்விட்டுச் சொன்னாள். ராணி எப்போதாவது வந்து தூரத்தில் நின்று பார்ப்பார். பக்கத்தில் வர மாட்டார். பாவம், பழகினால் மறுபடி புதைக்க வேண்டுமே என்ற பயம்.

கஸ்தீல் தூதர் மட்டும் அடிக்கடி பார்க்க வருவார். "அடடா, என்ன ஆரோக்கியம்!" என்பார். கல்யாண வீட்டில் பந்தி எப்போது போடுவார்கள் என்று எட்டிப் பார்ப்பவன் முகம் எப்படி இருக்கும்? அப்படி இருக்கும் அவர் முகம்.

குழந்தை தேறிவிட்டான் என்றதும் பெரியவர்களுக்குப் பொறுக்கவில்லை. இவன்தான் அடுத்த ராஜா என்று தேசம் சத்தியம் செய்துகொடுக்க வேண்டும், உடனே செய்ய வேண்டும், கஸ்தீல்காரன் வாயை அடைக்க வேண்டும் என்று முடிவாயிற்று. பிரபுக்கள், திருச்சபை ஆயர்கள், ஒவ்வொரு நகரத்தின் பிரதிநிதிகள், எல்லாரும் வருவார்கள். ஒவ்வொருவரும் மண்டியிட்டு இளவரசரின் வலது கையை முத்தமிட வேண்டும். உதடு கையில் பட்டால்தான் சத்தியம் சத்தியம். கையைத் துடைப்பது, மறைப்பது, இழுப்பது எல்லாம் அந்த மனிதனின் விசுவாசத்தைத் தட்டிவிடுவதற்குச் சமம்.

குழந்தை அந்நியர் மடியில் அழுவான் என்பதால் வியோலாந்தேயையே வெள்ளை உடுப்பு மாட்டி மேடையில் உட்கார்த்தி வைத்தார்கள். அவள் மடியில் ஜரிகைத் துணிக்குள் குருவி. வலது கையை மட்டும் வெளியே எடுத்து நீட்டிப் பிடித்திருக்க வேண்டியது அவள் வேலை. பின்னால் தோனா கியோமார்.

முதலில் வந்தவர்கள் சும்மா உதட்டை ஒற்றிவிட்டுப் போனார்கள். போகப் போகப் பக்தி முற்றிவிட்டது. ராஜா பார்க்கிறாரே! ஒருவரைவிட ஒருவர் அழுத்தமாக முத்தமிட ஆரம்பித்தார்கள். உறிஞ்சினார்கள் என்றே சொல்லலாம். மீசையில் நேற்றைய குழம்பு. தாடியில் மூக்குச்சளி. ஒரு ஆயர் கண்ணீர் விட்டு அழுதபடி முத்தமிட்டார். மூக்கும் சேர்ந்து அழுதது. அந்தச் சின்னக் கை நனைந்து, வழவழத்து, சிவந்துபோயிற்று. குழந்தை முதலில் இதை விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தான், பிறகு முனகினான், பிறகு கையை இழுத்து வாயில் வைக்கப் பார்த்தான். அவள் பிடித்துக்கொண்டாள்.

தொம் லோரென்சு என்கிற கிழட்டுப் பிரபு வந்தார். அவர் உதட்டு ஓரத்தில் சீழ் வைத்த புண். மண்டியிடும்போதே இருமினார், இருமியதைக் கைக்குட்டையில் துப்பிவிட்டு, ஈர வாயோடு குனிந்தார்.

வியோலாந்தே குழந்தையின் கையை இழுத்துத் துணிக்குள் மூடிவிட்டாள்.

யோசித்துச் செய்யவில்லை; ஈயை விரட்டக் கை போகிற மாதிரி போய்விட்டது. தொம் லோரென்சு மண்டியிட்டபடியே நிமிர்ந்து பார்த்தார். கிழவருக்கு முகம் செத்துவிட்டது.

பின்னாலிருந்து தோனா கியோமார் அவள் முதுகில் நகம் பதியக் கிள்ளினாள். "எடுடி வெளியே. கையை எடு. என்ன காரியம் பண்ற?"

"புண்ணு இருக்கு தோனா. அவர் வாயில புண்ணு."

"ஆயிரம் ஏக்கரும் குதிரைப் படையும் இருக்கு அவருகிட்ட. எடு."

அவள் எடுத்தாள். தன் கையாலேயே அந்தக் கையைப் பிடித்து அந்த வாய்க்கு முன்னால் நீட்டினாள். கிழவர் பழிவாங்குகிற மாதிரி நிதானமாக, நீளமாக முத்தமிட்டார். அவளுக்கு வயிற்றைப் பிரட்டிக்கொண்டு தொண்டைவரை வந்தது. விழுங்கினாள். சிரித்தாள். வரிசை அதற்குப் பிறகும் வாசல் வரை நீண்டிருந்தது. எல்லாம் முடிந்து உள்ளே தூக்கிப் போனதும் அவள் தண்ணீர் கேட்டாள், கை கழுவ. சத்தியம் செய்த கையைச் சூரியன் மறைவதற்குள் கழுவினால் சத்தியம் கரைந்துபோகும் என்று தோனா கியோமார் சொல்லிவிட்டாள். களைத்துப்போன குழந்தை அந்தக் கையை வாயில் போட்டுச் சப்பிக்கொண்டே தூங்கிவிட்டான்.

அடுத்த நாளோ அதற்கடுத்த நாளோ குழந்தைக்கு வாந்தி ஆரம்பித்தது. பிறகு பேதி, உடம்புச் சூடு. வெள்ளித் தட்டில் போன துணியைச் சுற்றி லத்தீன் சத்தம் கூடியது. அப்போதும் அவன் பால் குடித்தான். பாதியைக் கக்கினாலும் மீதி தங்கியது. குடித்துவிட்டுக் கொஞ்சம் தூங்கவும் செய்தான். பிழைத்திருக்கலாம். எங்கள் ஊரில் எத்தனை பிள்ளைகள் இதைவிட மோசமாகக் கிடந்து எழுந்து ஓடியிருக்கிறார்கள்!

வியோலாந்தேக்கு மனசு குடைந்தது. வாந்தி எதனால் வரும்? தாதி அருவருப்புப்பட்டால் வரும். அவள் பட்டாள். தேசமே சத்தியம் செய்கிற புனிதமான நேரத்தில், அந்தக் கிழவர் வாயைப் பார்த்து, தொண்டைவரை வந்ததை விழுங்கினாள். அந்த அருவருப்பு எங்கே போயிருக்கும்? நேராகப் பாலில்தான் இறங்கியிருக்கும். தன் குருவியைத் தானே கெடுத்துவிட்டோம் என்று அவள் நம்பினாள். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். அவளால் முடியவில்லை. மெஸ்த்ரே அந்தாவ் வந்தபோது அவர் காலடியில் விழுந்தாள்.

"வைத்தியரய்யா, தப்பு எம்மேலதான். அன்னைக்கு எனக்குக் குமட்டிக்கிட்டு வந்துச்சு. அடக்கிட்டேன். ஆனா வந்துச்சு."

அவர் புருவம் உயர்ந்தது. "யாரைப் பார்த்து?"

"எல்லாரையும் பார்த்துத்தான். சிரிச்சுக்கிட்டேதான் இருந்தேன். உள்ளுக்குள்ள குமட்டிச்சு."

"எவ்வளவு நாளா?"

"வந்ததுலேருந்தே, ஐயா."

மெஸ்த்ரே அந்தாவ் மற்ற வைத்தியர்களைத் திரும்பிப் பார்த்தார். அந்த முகத்தில் அப்படி ஒரு நிம்மதி! நோய் என்ன என்று புரியாமல் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தவருக்குக் குற்றவாளி தானாக வந்து காலில் விழுந்தால் வேறென்ன வேண்டும்? இனிக் குழந்தைக்கு என்ன ஆனாலும் அவர் தலை தப்பும். "நல்லவேளை சொன்னே, பொண்ணே" என்று அவள் தலையைத் தடவிக்கூடக் கொடுத்தார்.

இனி வைத்தியம் குழந்தைக்கு இல்லை, அவளுக்கு. பிள்ளைக்கு நோய் என்றால் தாதிக்கு மருந்து. அதுதான் அவர்கள் படித்த படிப்பு. வேறு தாதியைக் கொண்டுவரலாமா என்று தோனா கியோமார் கேட்டாள். நோயில் கிடக்கிற உடம்பு புதுப் பாலைத் தாங்காது, பழகிய பாலையே சுத்தம் செய்ய வேண்டும் என்று மெஸ்த்ரே அந்தாவ் அடித்துச் சொன்னார். அவளுக்குப் பேதி மருந்து கொடுத்தார்கள். குடல் வெளியே வந்துவிடும் போல ஓடியது. மறுபடி கொடுத்தார்கள். பாதத்தில் நரம்பைக் கீறி ரத்தம் எடுத்தார்கள். அருவருப்பு கருப்புப் பித்தமாக உடம்பில் தங்கியிருக்கிறது, அது வறண்டு போகட்டும் என்று சோற்றை நிறுத்தினார்கள். பார்லித் தண்ணீர் மட்டும். சுத்தம் ஆகும்வரை குழந்தை அவள் மார்பைத் தொடக்கூடாது. அவனுக்குச் சர்க்கரைத் தண்ணீர் ஊட்டினார்கள், புனிதரின் விரல் முக்கிய அதே தண்ணீரில் கரைத்து.

யாரும் அவளைக் கட்டிப்போட்டு இதைச் செய்யவில்லை. கிண்ணத்தை நீட்டினார்கள், அவள் இரண்டு கையாலும் வாங்கிக் குடித்தாள். காலை நீட்டச் சொன்னார்கள், நீட்டினாள். தன்னிடமிருந்து அந்த அழுக்கு முழுக்க வெளியேறட்டும், குருவி பிழைக்கட்டும் என்று ஒவ்வொரு கிண்ணத்துக்கும் மாதாவை வேண்டிக்கொண்டாள். மேல்சட்டை நனைவது நின்றது. "பாருங்க, கெட்ட பால் வத்துது" என்றார் மெஸ்த்ரே அந்தாவ். எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள். கேட்கவே வயிறு எரிகிறது, ஆனால் சந்தோஷப்பட்டார்கள்.

பக்கத்து அறையில் குருவி அழுதுகொண்டே இருந்தான். முதலில் சத்தமாக, பிறகு பூனைக்குட்டி மாதிரி. கடைசி நாள் யாராலும் சமாதானப்படுத்த முடியவில்லை என்று தூக்கிவந்து அவள் மடியில் போட்டார்கள். அங்கேதான் உயிரை விட்டான். அந்த மடியில் என்ன நடந்தது என்பதை அவள் அரண்மனையில் யாருக்கும் சொல்லவில்லை.

செத்த பிறகாவது விட்டார்களா? அறுத்துப் பார்த்தார்கள். வயிற்றிலும் குடலிலும் ஒன்றுமே இல்லை, ஒட்டிப்போய்க் காலியாக இருந்தது. அதைப் பார்த்தாவது புத்தி வர வேண்டாமா? "பார்த்தீர்களா, கெட்ட பாலின் சூடு உள்ளே இருந்த எல்லாவற்றையும் எரித்துவிட்டது" என்று மெஸ்த்ரே அந்தாவ் கூடியிருந்தவர்களுக்கு விளக்கினார். எல்லாரும் தலையாட்டினார்கள். கையை முத்தமிட்ட அதே வாய்கள் அடக்கப் பூசையில் ஒப்பாரி வைத்தன. பிரசங்கம் செய்த ஆயர், சொர்க்கத்தில் தேவதூதர்கள் அவனுக்காக ஏங்கினார்கள் என்றார். கஸ்தீல் தூதர் கறுப்பு உடுப்பில் முன்வரிசையில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். துடைத்த இடத்தில் ஈரம் இல்லை.

வியோலாந்தேயைப் பின்வாசல் வழியாக அனுப்பினார்கள். லோப்பு கழுதையோடு வந்து நின்றான். ஊர் எல்லையில்தான் வாயைத் திறந்தான். "ஊருக்குள்ள ஒரு மாதிரியாப் பேசிக்கிறாங்க. உன் பாலு விஷம்னு. பயலை இப்போதைக்குத் தூக்காத, என்ன?"

"நானும் அதைத்தான் நினைச்சேன்" என்றாள் அவள்.

ஆல்வாருவுக்கு அவளை அடையாளம் தெரியவில்லை. ஆட்டுப்பாலில் வளர்ந்த பிள்ளை எலும்பும் தோலுமாக, வயிறு மட்டும் முன்னால் வந்து நின்றது. அக்காவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். வியோலாந்தே தூரத்திலேயே உட்கார்ந்திருப்பாள். அவன் தவழ்ந்து பக்கத்தில் வந்தால் எழுந்து வேறு இடத்துக்குப் போய்விடுவாள். பிரித்தேஸுக்கு எரிச்சலாக வந்தது. அவளும் பால் விஷயத்தை நம்புகிறவள்தான். ஆனால் அடுப்படியில் பட்டினி கிடக்கிற ஆளைப் பார்த்துக்கொண்டு நிற்க அவளால் ஆகாது. பழைய மாதிரியே பூண்டும் கொத்தமல்லியும் தட்டிப் போட்டு, ரொட்டித் துண்டுகளை ஊறவைத்து, முட்டை உடைத்து ஊற்றி, கிண்ணத்தைத் தங்கையின் மடியில் வைத்தாள்.

"குடி. செத்தவங்களோட நீயும் போகணும்னு யாரும் சொல்லல."

குடித்தாள். பசி என்ன சாதாரணமா? இன்னொரு கிண்ணம் கேட்டாள். அப்படிச் சில நாட்கள் தின்றதும், ஒரு காலை மாவு பிசைந்துகொண்டிருக்கும்போது, மேல்சட்டை சில்லென்று நனைந்தது. வற்றியே போய்விட்டது என்று எல்லாரும் சந்தோஷப்பட்ட பால்.

அவள் பயந்துபோய் மாவுக் கையோடு எழுந்தாள். "அக்கா, அது திரும்ப வந்துடுச்சு. அந்தக் கெட்டது திரும்ப வந்துடுச்சு."

பால் வாசனைக்கு ஆல்வாரு தவழ்ந்து வந்து அவள் பாவாடையைப் பிடித்து இழுத்தான். அவள் உதறினாள். அவன் வீல் என்று கத்தினான். பிரித்தேஸ் பிள்ளையைத் தூக்கினாள், தங்கையைத் தோளைப் பிடித்து அழுத்தி உட்கார வைத்தாள்.

"கொடுடி."

"வேண்டாம்க்கா! செத்துடுவான்!"

"ஆட்டுப்பால்ல எப்படியும் இந்தக் குளிர்காலம் தாண்ட மாட்டான், என் கண்ணால பாக்குறேன். இருக்கிறதைக் கொடு. எது வந்தாலும் எம்மேல வரட்டும்."

வியோலாந்தே கண்ணை இறுக மூடிக்கொண்டு கொடுத்தாள். அவன் மூச்சு முட்டக் குடித்தான். அன்று முழுக்க அவள் அவன் பக்கத்திலேயே உட்கார்ந்து எப்போது வாந்தி எடுப்பான், எப்போது உடம்பு சுடும் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் தூங்கினான். எழுந்து மறுபடி கேட்டான். மறுநாளும் கேட்டான். கொஞ்ச நாளில் கன்னம் வைத்தது, தொடையில் மடிப்பு விழுந்தது, எட்டு வைத்து நடக்கத் தொடங்கினான்.

ஒரு மத்தியானம் பிரித்தேஸ் அவனைக் குளிப்பாட்டித் துடைத்து, தொடையில் ஒரு தட்டுத் தட்டினாள். "பாருடி, பன்னிக்குட்டி மாதிரி ஆயிட்டான்!"

வியோலாந்தே அவனைப் பார்த்தாள். சந்தோஷப்பட வேண்டிய முகம் வெளுத்துக்கொண்டே போயிற்று. "அக்கா, இவனுக்கு ஒண்ணுமே ஆகலையே?"

"என்ன ஆகணும்? நல்லாத்தானே இருக்கான்."

"அதே பாலுதானே?"

"அதே பாலுதான். வேற யாரு பாலு?"

"எனக்கு இன்னமும் அந்த அரண்மனைக்காரங்களை நினைச்சா குமட்டுதே. ராவும் பகலும் குமட்டுதே. அதைக் குடிச்சுட்டுத்தானே இவன் இப்படி இருக்கான்?"

பிரித்தேஸ் துணியைப் பிழிந்தாள்.

வியோலாந்தே வாசலுக்குப் போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு தின்றதையெல்லாம் வாந்தி எடுத்தாள். திரும்பி வந்து தரையில் உட்கார்ந்தாள். ஆல்வாருவின் கொழுத்த தொடையைத் தொட்டுப் பார்த்தாள்.

"அப்போ என் குருவி அழுதது பசிக்குத்தான்" என்றாள். "கடைசி நாள் எம்மடியில போட்டாங்கல்ல? அவன் தலையைத் திருப்பித் திருப்பித் தேடினான்க்கா. எனக்குக் கொஞ்சம் இருந்துச்சு. ரெண்டு மூணு சொட்டு, யாருக்கும் தெரியாது, எனக்குத் தெரியும். வாயைக் கொண்டுவந்து வச்சுட்டான். நான் அவனைக் காப்பாத்தறதா நினைச்சு, கையால அவன் வாயைப் பொத்தி அந்தப் பக்கம் திருப்பிப் பிடிச்சுக்கிட்டேன். உசிரு போற வரைக்கும் அப்படியே பிடிச்சிருந்தேன்."